ஒரு சைஸ் பெரிசு

விளையாட்டுச் சாமான் கடையின் மாடியில் குழந்தைகள் பகுதியைக் கவனித்துக்கொண்ட அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது. "அளவு அக்கா மேல இருக்காங்களா?" என்று கல்லாவில் கேட்டுவிட்டுத்தான் படியேறுவார்கள். பிள்ளையை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பாள். அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை உருவுவாள். அது சரியாக இருக்கும். டேப்பால் அளப்பதெல்லாம் பெற்றவர்களின் திருப்திக்கு.

நல்ல மனுஷிதான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"உங்க பிள்ளை இந்த வருஷம் சண்டை போடப் போகுதா, அடுத்த வருஷமா?" என்பாள். "அடுத்த வருஷம்னா அடுத்த வருஷம் வாங்க. கடை இங்கேயேதான் இருக்கும்."

கீழே கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி இதைக் கேட்டுப் பல்லைக் கடிப்பார். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். திட்டு வாங்கிப் போனவர்கள்தான் அடுத்த தடவை அக்கம்பக்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

எல்லா உடுப்புக்கும் அவள் இப்படிக் கறாராக இருந்ததில்லை. ஜியு-ஜிட்சு உடுப்புக்கு மட்டும்தான். பிரேசிலிலிருந்து பரவிய அந்த விளையாட்டில் குத்து கிடையாது, உதை கிடையாது. எதிராளியைப் பிடித்துச் சாய்த்து, தரையில் அமுக்கி, அசைய விடாமல் வைத்திருக்க வேண்டும். பிடிப்பது பெரும்பாலும் துணியைத்தான். சட்டையின் கை முனை, கழுத்துப் பட்டி, முழங்கால் பக்கத்துக் கால்சட்டை. அதற்கென்றே தடித்த நூலில் நெய்த சட்டை, கால்சட்டை, இடுப்பில் ஒரு பெல்ட். இந்த உடுப்புக்குக் 'கீ' என்று பெயர். கீயின் கை நீளமாகத் தொங்கினால் எதிராளிக்குக் கொண்டாட்டம். நாமே கைப்பிடி வைத்துத் தைத்துக் கொடுத்த மாதிரி.

அதனால் அவளிடம் கீ வாங்க வரும் பிள்ளை சும்மா கண்ணாடி முன் நின்று அழகு பார்த்துவிட்டுப் போக முடியாது. கையை நேராக நீட்டு, துணி மணிக்கட்டுக்கு ரெண்டு விரல் மேல நிக்குதா? உட்கார்ந்து எழுந்திரு, தொடை இறுக்குதா? கையைத் தூக்கு, வயிறு தெரியுதா? சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பில் நாடா வேண்டாம், எலாஸ்டிக் போதும். ஆட்டத்துக்கு நடுவில் நாடாவை அவிழ்த்துக்கொண்டு நிற்கும். உள்ளே போடும் பனியனில் ஜிப்போ பாக்கெட்டோ இருக்கக் கூடாது; எதிராளியின் விரல் மாட்டும். நகம் வெட்டியிருக்கிறதா என்று கூடப் பார்ப்பாள்.

இவ்வளவும் அவள் கற்றுக்கொண்டது தன் மகளால். ஒன்பது வயது. வீட்டில் கூப்பிடுவது வாலு. பேர் வைத்த பொருத்தம் அப்படி. உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டாள், வாய் ஓயாது. பயிற்சிக் கூடத்துக்கு வாரம் மூன்று நாள் ஓடினாள். ஆனால் போட்டி என்று போன மூன்று தடவையும் முதல் ஆட்டத்தோடு பையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் அளவு அக்கா அவளைக் கட்டிப்பிடித்து, "கலந்துக்கிட்டதே பெரிசுடா செல்லம்" என்றாள். மூன்றாவது தடவை வாலு அந்தக் கையைத் தட்டிவிட்டாள். காரில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னாள்.

"அடுத்ததுலயும் தோத்தா நான் விட்டுடறேம்மா."

அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வாய் ஓயாத பிள்ளை இவ்வளவு அமைதியாகச் சொன்னதைத்தான் தாயால் தாங்க முடியவில்லை.

அடுத்த போட்டிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதுதான் பஸ் டிரைவர் கடைக்கு வந்தார்.

வேலை உடுப்போடு வந்தார். காக்கியும் இல்லை நீலமும் இல்லாத ஒரு நிறம், முதுகில் சீட்டு அழுத்திய சுருக்கம். இரண்டு டிரிப்புக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் மகளை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். பெண் வயசுக்கு மீறிய உயரம், நீண்ட கைகள். படியேறி வந்த மூச்சுகூட வாங்கவில்லை.

"கூட வேலை பாக்குறவர்தான் சொன்னார்" என்றார் டிரைவர். "அளவு அக்காகிட்ட போ, கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டு வான்னு. எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாதுக்கா. சரியான அளவா நீங்களே பாத்துக் குடுங்க."

அளவு அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. பெண்ணை ஒரு பார்வை பார்த்தாள். எம்-டூ சைஸ். பெட்டியை உருவினாள். உடுப்பு மாற்றும் அறையின் திரையை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் வெளியே வந்தபோது, கீ அவளுக்கென்றே அளந்து தைத்த மாதிரி இருந்தது. கையை நீட்டச் சொன்னாள். இரண்டு விரல் மேலே நின்றது. உட்காரச் சொன்னாள், சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் உட்கார்ந்து, எழுந்து, தரையில் விரித்திருந்த மாதிரிப் பாயில் ஒரு குட்டிக்கரணம் அடித்து நின்றாள். சத்தமே இல்லை. பூனை குதித்த மாதிரி.

"ஏய், கடையில என்ன ஆட்டம்!" என்று அதட்டினார் டிரைவர். அதட்டலில் முழுக்கப் பெருமை.

"எவ்வளவு நாளா கத்துக்கறா?"

"இப்பதான் சேர்ந்தாக்கா, ஆத்தங்கரைப் பக்கத்துக் கூடத்துல. மாஸ்டர் இப்பவே போட்டிக்குப் பேர் குடுத்துட்டார். ஒம்பது வயசுப் பொண்ணுங்க, முப்பது கிலோவுக்குள்ள. மாசக் கடைசியில வருதே, அது."

அது வாலுவின் போட்டி. வாலுவின் வயது. வாலுவின் எடை.

அளவு அக்கா அந்த நீண்ட கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளில் வாலு அகப்பட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. அளவு பார்க்கிற கண் அல்லவா, அதையும் பார்த்துவிட்டது. முதல் ஆட்டம், முதல் நிமிஷம், முதுகு தரையில். பிறகு கார் ஜன்னல். பிறகு பயிற்சிப் பையைத் தூக்கிப் பரண் மேல் போடுவது.

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள். "இது துவைக்கத் துவைக்கச் சுருங்குற துணி. ஒரு சைஸ் பெரிசா எடுத்துக்கிட்டா நல்லது. வளர்ற பிள்ளை வேற."

அந்த வாசகம் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளுக்கே ஒரு கணம் காது அடைத்தது. கீழே முதலாளி நிமிர்ந்து பார்த்திருப்பார். சுருங்கும் துணியே இல்லை அது. முன்பே நனைத்துச் சுருக்கிய பிறகுதான் தைக்கிறார்கள். நூல் அளவுகூடக் குறையாது. மற்றவர்களிடம் அவளே அதைப் பெருமையாகச் சொல்லி விற்பாள்.

எம்-த்ரீயைப் போட்டுக்கொண்டு வந்த பெண் இரண்டு கைகளையும் ஆட்டிக் காட்டினாள். விரல் நுனிகள் மட்டும் எட்டிப் பார்த்தன. "அப்பா, இது பெரிசா இருக்குப்பா. முன்னாடி போட்டதுதான் நல்லா இருந்துச்சு."

டிரைவர் அளவு அக்காவைப் பார்த்தார். அவள் காலிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றார் மகளிடம். "சுருங்கும்மா. சும்மா இரு."

அவர்கள் படியிறங்கிப் போன பிறகு எம்-டூவை மடித்துப் பழையபடி பெட்டியில் வைக்க அவளுக்கு வெகு நேரம் ஆனது. அந்தப் பெண்ணின் உடம்புச் சூடு இன்னும் துணியில் இருந்தது. கூப்பிட்டுவிடலாம். பஸ் நிலையம் பக்கத்தில்தான். படியிறங்கி, வாசல் வரை போய், "சார், தெரியாம மாத்திக் குடுத்துட்டேன்" என்று ஒரு பொய்யால் இன்னொரு பொய்யைத் துடைத்துவிடலாம். அவள் போகவில்லை. பெட்டியை அலமாரியில் தள்ளிவிட்டு, அடுத்து வந்த அம்மாவிடம் தேவைக்கு மேல் சிரித்துப் பேசினாள்.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் பாதிக் கட்டடங்களின் வயிற்றுக்குள் போய் வந்தவர். சாப்பாட்டு மேஜையில் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன, ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்ட மாதிரி இருக்கே?"

"ஒண்ணும் இல்லை. கடையில கூட்டம்."

"கூட்டம் வந்தா உனக்குப் பல்லெல்லாம் தெரியுமே. இன்னைக்கு என்ன, கதவே திறக்க மாட்டேங்குது?"

சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள். அதற்குள் வாலு சோபாவின் மெத்தையை உருவிப் போட்டு, அதோடு மல்லுக்கட்ட ஆரம்பித்துவிட்டாள். மெத்தை ஜெயிக்கிற மாதிரிதான் தெரிந்தது. அளவு அக்கா சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள்.

தனக்குத்தானே நியாயம் பேசிக்கொள்வதில் அவள் கெட்டிக்காரி. போட்டி விதியில் என்ன சொல்லியிருக்கிறது? கை குட்டையாக இருக்கக் கூடாது, இறுக்கமாக இருக்கக் கூடாது. பெரிதாக இருக்கக் கூடாது என்று எங்காவது எழுதியிருக்கிறதா? இல்லை. ஊரில் பாதிப் பிள்ளைகள் தொளதொளவென்றுதான் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அவர்களை எல்லாம் நானா கெடுத்தேன்? இப்படி எல்லாம் கேட்டுக்கொண்டாள். பாத்திரம் தேய்க்கும்போது கேட்டாள், படி ஏறும்போது கேட்டாள். பதில் கிடைத்துவிட்ட கேள்வியை யாரும் இத்தனை தடவை கேட்க மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

போட்டிக்கு முந்தைய வாரம் டிரைவர் மறுபடி வந்தார், இந்தத் தடவை தனியாக. பல்லுக்குப் போடும் காப்பு வேண்டுமாம்.

"அக்கா, அந்தத் துணி சுருங்கவே மாட்டேங்குதே" என்றார். குறை சொல்கிற தொனியே இல்லை. தன் கைத்திறமையில்தான் ஏதோ கோளாறு என்கிற மாதிரி. "ரெண்டு தடவை துவைச்சுட்டேன். போன ஞாயித்துக்கிழமை கொதிக்கிற தண்ணியில ஊறக்கூட வெச்சேன். வீட்டுக்காரி ஆஸ்பத்திரி டூட்டி, அவ இருந்தா திட்டியிருப்பா, பக்கெட் இளகிப் போச்சு."

இதுதான் சமயம். 'கொண்டு வாங்க சார், மாத்தித் தரேன்' என்றால் முடிந்தது. துவைத்ததை எடுத்துக்கொள்ள முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார்தான். சண்டை போடுவது அவளுக்குப் புதிதா என்ன? ஒரு நாளைக்கு நாலு சண்டை போடுகிறவள்தானே.

"இன்னும் ரெண்டு துவை துவைங்க" என்றாள். "அடங்கிடும்."

அதைச் சொன்ன கையோடு, வெட்கக்கேடு, அவருக்கு அப்படி ஒரு உபசாரம் செய்தாள். இருக்கிற பல் காப்புகளில் ஆக நல்லதை எடுத்தாள். வெந்நீரில் எவ்வளவு நேரம் போட வேண்டும், எப்படிக் கடிக்க வேண்டும், கன்னத்தை எந்தப் பக்கம் அழுத்த வேண்டும் என்று செய்து காட்டினாள். பாதி வழியில் குழந்தை துப்பிவிடும், பயப்படாதீங்க, மறுபடி முக்கலாம். முழங்காலுக்குப் போடும் உறை ஒன்றையும், "இது சும்மா, எங்க கடை சார்பா" என்று கவரில் போட்டாள். வலது கையால் பறித்ததை இடது கையால் சில்லறையாகத் திருப்பிக் கொடுக்கிற பிழைப்பு.

டிரைவர் கை கூப்பாத குறை. "நீங்க இல்லாட்டி நான் என்ன பண்ணியிருப்பேனோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க அவளால் யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்க முடியவில்லை. தன்னை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது.

போட்டி ஒரு பள்ளிக்கூடத்து உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. பாய்களைச் சேர்த்துப் போட்டு மூன்று களங்கள். எங்கே பார்த்தாலும் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள், வியர்வை வாடை, பெயர் கூப்பிடும் ஒலிபெருக்கியின் கரகரப்பு. உடுப்புச் சோதனை மேஜையில் ஓர் ஆள் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் நீட்டச் சொல்லி அளந்தார். டிரைவரின் மகள் கையை நீட்டியபோது அவர் சிரித்துவிட்டு, "போ போ" என்று அனுப்பினார். குட்டையானால்தான் அவருக்கு வேலை.

வாலு முதல் ஆட்டத்தில் ஜெயித்தாள்.

அளவு அக்காவால் நம்பவே முடியவில்லை. கணவர் தொண்டை கிழியக் கத்தினார். அடுத்த ஆட்டத்திலும் ஜெயித்தாள். கீழே விழுந்து, புரண்டு, எப்படியோ மேலே வந்து, எதிராளியின் நெஞ்சில் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டாள். இந்தப் பிடிகளை எல்லாம் எப்போது கற்றாள்? தாய்க்குத் தெரியாது. அவள் வீட்டில் பார்த்ததெல்லாம் சோபா மெத்தையோடு நடந்த சண்டைகள்தான்.

கடைசி ஆட்டத்தில் எதிரே வந்து நின்றவள் டிரைவரின் மகள்.

அந்தப் பெண் சட்டையின் கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டுதான் வந்தாள். நடுவர் அவளை நிறுத்தினார். மடிக்கக் கூடாது, விதி. குனிந்து, தகப்பன் மாதிரி, அவரே இரண்டு கைகளையும் பிரித்துவிட்டார். துணி வழிந்து விரல்களை மூடியது.

மிச்சத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று அளவு அக்கா பிறகு நினைத்தாள். வாலு பாய்ந்து அந்தத் தொங்கும் துணியைப் பிடித்தாள், பை வாரைப் பிடிக்கிற மாதிரி. அந்தப் பெண் கையை உதறினாள். கை வந்தது, துணி வரவில்லை. வாலுவின் கழுத்துப் பட்டியைப் பிடிக்கப் போனாள். விரல்கள் தன் சட்டைக்குள்ளேயே சிக்கின. ஒரு தடவை கால்சட்டை நுனியை மிதித்து அவளே தடுமாறினாள். அப்போதும் சும்மா விழவில்லை. விழுந்த வாக்கில் இடுப்பைத் திருப்பி, கிட்டத்தட்ட வாலுவைக் கவிழ்த்துவிட்டாள். கை மட்டும் விடுபட்டிருந்தால் கவிழ்த்திருப்பாள். விடுபடவில்லை. நேரம் முடிந்தபோது வாலு இரண்டு புள்ளி முன்னால் இருந்தாள்.

லிஃப்ட்காரர் மனைவியைத் தூக்கிச் சுற்றாத குறை. "நம்ம பிள்ளைடி! நம்ம பிள்ளை!" அவள் கைதட்டிக்கொண்டிருந்தாள். கைகள் தாமாகத் தட்டின.

பிள்ளைகள் பதக்கத்துக்கு வரிசையில் நின்றபோது டிரைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அன்றைக்கு வேலை உடுப்பு இல்லை, இஸ்திரி போட்ட சட்டை.

"அக்கா, நீங்களா! அது உங்க பொண்ணா?" என்றார். "நல்லா ஆடுனா. நெஜமாவே நல்லா ஆடுனா." பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்திலிருந்து இறங்கியது. "கடையில நான் இந்தப் போட்டியைப் பத்திச் சொன்னேனே. வயசு, எடை எல்லாம்."

"சொன்னீங்களா?" என்றாள். "தினமும் எத்தனை பேர் வர்றாங்க சார். ஞாபகம் இல்லை."

டிரைவர் அவளைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லி இருப்பாள். கோபம் இல்லை. தெரிந்த தெருவில் வழி தப்பினவர் மாதிரி ஒரு பார்வை. "சரிக்கா" என்றார். மகளை நோக்கிப் போனார்.

வாலு காரில் ஒரு நொடி வாயை மூடவில்லை. பதக்கத்தைக் கடித்துப் பார்த்தாள், அப்பாவின் கழுத்தில் மாட்டினாள், கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, அவ செம ஸ்ட்ராங்மா. ஆனா அவ கீ எவ்ளோ பெரிசு பாத்தியா? பிடிச்சா உள்ள கையே இல்லம்மா, வெறும் துணி! எந்தக் கூமுட்டை அவளுக்கு அதை வித்துச்சோ."

லிஃப்ட்காரர் சிரித்தார். "உங்கம்மா கண்ணுல பட்டிருந்தா அந்தக் கடைக்காரனைக் கிழிச்சிருப்பா."

"அதான் நான் அவகிட்ட சொல்லிட்டேன், எங்கம்மா கடைக்கு வான்னு. விளையாட்டுக் கடை மாடி, அளவு அக்கான்னு கேளுன்னு சொன்னேன். அவ ஒரு மாதிரி முழிச்சா. வருவாம்மா. நீ சரியானதா குடு, என்ன?"

அளவு அக்கா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். காரின் கண்ணாடியில் மகளின் முகம் முழுக்கத் தெரிந்தது. அந்த முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. இதற்காகத்தானே செய்தாய், பார்த்துக்கொள் என்று தன்னையே குத்திக்கொண்டாள். பார்க்க முடியவில்லை. சாலையைப் பார்த்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் வாலு அம்மாவோடு கடைக்கு வந்திருந்தாள். மாதிரிப் பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, காலால் ஒரு பந்தை மிதித்து விளையாடிக்கொண்டிருந்தாள். படியில் காலடி கேட்டதும் துள்ளி எழுந்தாள். "சொன்னேன்ல! வந்துட்டா!"

டிரைவரும் மகளும் மேலே வந்தார்கள். மகள் கையில் அந்த எம்-த்ரீ கீ, துவைத்து மடித்து, ஒரு பையில். டிரைவருக்கு வர இஷ்டம் இல்லை என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. மகளின் நச்சரிப்பு இழுத்து வந்திருந்தது.

"இங்க வா, இதுதான் எங்கம்மா" என்று வாலு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, இவளுக்கு என்ன சைஸ்? பாத்ததும் சொல்லு பாக்கலாம்!"

அந்தப் பெண் அளவு அக்காவைப் பார்த்தாள், தன் அப்பாவைப் பார்த்தாள். "ஆனா இவங்கதானே நமக்கு..." என்று ஆரம்பித்தாள்.

டிரைவரின் கை மகளின் தோளில் வந்து உட்கார்ந்தது.

"அது வேற கடைம்மா" என்றார். "நீ மறந்துட்ட. சந்தைப் பக்கத்துல வாங்கினோமே, அது."

வாலு வெற்றிக் களிப்பில் தலையாட்டினாள். "நான் சொன்னேன்ல, எங்கம்மா இப்படிக் குடுக்கவே மாட்டாங்கன்னு!"

டிரைவர் அளவு அக்காவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. சுவரில் மாட்டியிருந்த பந்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மகள் முன்னால் அவள் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூட விரும்பவில்லை. அவர் கேட்டிருந்தால், சத்தம் போட்டிருந்தால், முதலாளியைக் கூப்பிட்டிருந்தால் அவள் சமாளித்திருப்பாள். வாய்ச்சண்டைக்கு அவள் அஞ்சினவள் இல்லை. இதை எப்படிச் சமாளிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வேற கடை இல்லை" என்றாள்.

வாலு திரும்பினாள்.

"நான்தான் வித்தேன். இந்தக் கடையிலதான். சரியான சைஸ் இவளுக்குப் பொருந்திச்சு, அதை வாங்கி வெச்சுட்டு, சுருங்கும்னு பொய் சொல்லி இதைக் குடுத்தேன்."

"அக்கா, விடுங்க" என்றார் டிரைவர் மெதுவாக. "பிள்ளைங்க முன்னாடி என்னத்துக்கு."

"இல்ல சார். என்னை மன்னிச்சிடுங்க. நீயும்மா." அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "நீ சொன்னே, பெரிசா இருக்குன்னு. நீ சொன்னதுதான் சரி."

கீழே யாரோ பந்தைத் தட்டிப் பார்க்கிற சத்தம் வந்தது. வாலுவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிய ஆரம்பித்தது. அந்த முகத்தில் அது நடப்பதைத் தாய் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

"இவ என்கூட ஆடப் போறான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

பதக்கம் பொய்யாகிப்போச்சு என்று அழுவாள், தூக்கி எறிவாள், 'உன்னால என் பேர் கெட்டுச்சு' என்று கத்துவாள் என்று அளவு அக்கா காத்திருந்தாள். அதற்கெல்லாம் மனசைத் தயார் செய்து வைத்திருந்தாள். வாலு அதை எதையும் செய்யவில்லை. புருவத்தைச் சுருக்கி, கணக்கில் எங்கோ தப்பு வருகிறதே என்று தேடுகிற மாதிரி அம்மாவைப் பார்த்தாள்.

"அப்போ நான் ஜெயிக்க மாட்டேன்னு நினைச்சியா?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் தினமும் பிராக்டிஸ் பண்ணேனேம்மா" என்றாள் வாலு. "மாஸ்டர்கூட சொன்னார், இந்தத் தடவை உன்னால முடியும்னு. நீ மட்டும் நான் தோத்துடுவேன்னே நினைச்சியா?"

எந்தப் பெற்றவளும் சொல்லக்கூடிய நல்ல பதில்கள் எத்தனையோ இருந்தன. எல்லாம் அவள் நாக்கு நுனி வரை வந்தன. ஒவ்வொன்றும் பொய்.

"ஆமா" என்றாள்.

வாலு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அலமாரிப் பக்கம் போய், எட்டி, எம்-டூ என்று எழுதியிருந்த பெட்டியைத் தானே இழுத்து எடுத்தாள். அம்மாவைக் கேட்கவில்லை, அம்மாவைப் பார்க்கவும் இல்லை. "வா, போட்டுப் பாரு" என்று அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்த் திரையை இழுத்து மூடினாள்.